பச்சை வீட்டு ஹீட்டர்

ஐயையோ, அந்தக் குழாய்ச் சுருள் மேல உக்காராதீங்க கிரஹாம், நசுங்கிரும். ஸ்டூல் இருக்கு பாருங்க. கடைப் பையன் க்ரெய்க் குடோனுக்குப் போயிருக்கான், உங்க ஹீட்டரு சுவிட்ச தேடித்தான். நம்ம பல்லராட்ல ஜூலைக் குளிரு வந்துட்டா ஊர் பூரா ஹீட்டர் ரிப்பேரு, ஒரு பார்ட்டும் வச்ச எடத்துல இருக்காது. டீ குடிங்க. பேக்கரிக்கு எதுத்தாப்புல நீங்க வாடகைக்கு விட்ருக்க பச்சை வீடுன்னுதானே சொன்னீங்க? ஹாலு அலமாரிக்குள்ள நிக்குமே, அந்தப் பழைய ஹீட்டரு. தெரியும், தெரியும்.

ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. தீ அடங்காம வெளிய சீறுனா தானா அணைக்கத்தானே அந்த சுவிட்சு? போன மாசந்தான் புதுசு வாங்கிட்டுப் போனீங்க. அதுவும் அணைச்சு அணைச்சுப் போடுதுன்னா குத்தம் சுவிட்சு மேலயா? உள்ள நெருப்பு எரியிற தகரப்பெட்டி விரிசல் விட்ருக்கும். எரிஞ்ச புகை சூட்டுக் காத்து போற குழாய்க்குள்ள பூந்து ரூம் ரூமாப் போவும். ஒரு நாத்தமும் இருக்காது. தல வலிக்கும், தூக்கம் தூக்கமா வரும். படுத்தவங்க எந்திரிக்க மாட்டாங்க.

என்னது? சுவிட்சு கிடைக்கலன்னா ரெண்டு ஒயரையும் முறுக்கிச் சேத்துருவீங்களா? அடப்பாவி மனுசா! சிரிக்காதீங்க, நான் ஒண்ணும் தமாஷ் பண்ணல.

சரி, செவுத்துல காத்து வர்ற ஓட்டையாவது தொறந்திருக்கா? குடியிருக்கவங்கள பழைய துண்டு வச்சு அடைக்கச் சொன்னீங்களா! குளிரு உள்ள வருது, கேஸ் வீணாவுதுன்னு. கடவுளே. இந்த ஊர்ல பாதிப் பேரு பண்ற கூத்துதான் இது, உங்கள மட்டும் சொல்லி என்ன.

எங்க கெளம்புறீங்க? உக்காருங்க. இந்த மாடலுக்கு வேற கடையில கிடைக்காது, இந்த நோலீன் சொன்னா சரியா இருக்கும்னு யார வேணா கேளுங்க. கதவ ஏன் சாத்துறேனா? குளிருதான். எப்பப் பாத்தாலும் எவனாவது கதவத் தொறந்து போட்டுட்டுப் போறான்.

இருங்க, ஃபோனு. க்ரெய்க்! சொல்லுடா. ஒடச்சியா? ஒடைஞ்சா ஒடையட்டும். மூச்சு இருக்கா? கண்ணு முழிச்சாளா? புள்ள? அழுவுதா? அழுவட்டும், நல்லா அழுவட்டும். ஆம்புலன்ஸ்காரங்க வந்துட்டாங்கள்ல, நீயும் கூட ஏறிக்க. நான் வந்துட்டே இருக்கேன்.

ஆமா கிரஹாம், குடோனுக்கு இல்ல, உங்க பச்சை வீட்டுக்குத்தான் அனுப்புனேன். காலையிலேருந்து அவ ஃபோன எடுக்கல. சாவி கேட்டா தரவா போறீங்க? வாசல்ல நின்னுகிட்டு என் வீடு, எவன்டா கதவ ஒடைக்கிறதுன்னு சட்டம் பேசியிருப்பீங்க. அதான் டீயக் குடுத்து உக்கார வச்சேன்.

யாரு, உங்க வீட்டுல குடியிருக்க அந்த நச்சரிக்கிற பொம்பளையா? நச்சரிப்பா. சின்ன வயசுலேருந்தே அப்படித்தான், ஒரு விஷயத்த நாலு தடவ சொல்லுவா. நான் பெத்தவ எனக்குத் தெரியாதா? நகருங்க, கடைய மூடணும்.