நோபர்ட்டின் லீவுக் கடிதம்

எங்கள் உள்ளூர்ச் சபைக் கூட்டத்துக்கு நான் ஒருநாளும் பிந்திப் போனதில்லை. உறுப்பினராவதற்கு முன்பே, பொதுமக்களுக்கென்று பின்னால் போட்டிருக்கும் வாங்குப் பலகையில் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்துவிடுவேன். குப்பை லொறி, அடைபட்ட சாக்கடைக் கான், சந்தைக் கூரை என்று அவர்கள் பேசுவதைக் கேட்பதே எனக்கு ஒரு சுகம். பெயர் கேட்டீர்கள், எழுதிக்கொள்ளுங்கள்: ஞானசுந்தரம், வயது ஐம்பத்தெட்டு.

நான்கு தேர்தலில் நின்றேன், நான்கிலும் தோற்றேன். 2006இல்தான் கிட்ட வந்தேன். எங்கள் கட்சிப் பட்டியலுக்குக் கிடைத்தது ஒரே ஆசனம். விருப்பு வாக்கில் என்னைவிடப் பதினேழு கூட எடுத்து நோபர்ட் அதில் உட்கார்ந்தான். அலுவிகாரை ஊர்க்காரன், பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் இருந்தவன். ஒரே வாளிப் பசையில்தான் இருவர் போஸ்டரையும் ஒட்டினோம். அந்தப் பதினேழு பேர் யாராக இருக்கும் என்று இரண்டு வருடம் தெருவில் முகம் முகமாகப் பார்த்துக்கொண்டு நடந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தக் கதிரையில் உட்காராமலே செத்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

2008 பெப்ரவரிக் கூட்டம் முடிந்த மறுநாள், சிவில் உடுப்பில் வந்தவர்கள் நோபர்ட்டை ஏற்றிக்கொண்டு போனார்கள். யுத்தத்துக்குத் தப்பி வடக்கிலிருந்து வந்து தங்கியிருந்தவர்களுக்கு, பொலிஸ் பதிவுக்காக, 'இவரை எனக்குத் தெரியும்' என்று அவன் கடிதம் கொடுத்துவந்தான். அதுதான் காரணம் என்றார்கள். அதில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை. நான் யாரையும் காட்டிக்கொடுக்கிறவன் அல்ல.

மார்ச் முதல் வாரம் அவன் மனைவி மரிய கொறற்றி வந்தாள். அவனோடு அடைபட்டிருந்து விடுதலையான நாவுல ஊர் லொறிக்காரர் ஒருவர், சவர்க்கார உறையின் உட்பக்கத்தில் நோபர்ட் எழுதியதைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். எந்தக் கட்டடம், யார் பொறுப்பு எல்லாம் அதில் இருந்தது. கடைசியில், சபையில் லீவு கேள் என்று எழுதியிருந்தான். கெட்டிக்காரன். லீவு கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். சொன்னால் கூட்ட அறிக்கையில் ஏறும். இன்ன இடத்தில் உயிரோடு இருக்கிறான் என்று சபை எழுதிவைத்த ஒருவனை இல்லாமலாக்குவது அவ்வளவு சுலபமல்ல.

"அண்ணே, எனக்குச் சிங்களத்துல எழுத வராது. ஆபிசுக்குப் போகவும் பயமா இருக்கு. நீங்கதான் எழுதிக் குடுக்கணும்" என்றாள்.

"அழாத தங்கச்சி, நான் பாத்துக்கிறேன். நீ செஞ்சிலுவை, கச்சேரி ஆபிசுன்னு அலையாத. நாலு பக்கமும் போனா அவங்களுக்குக் கோவந்தான் வரும்."

நல்ல சிங்களத்தில் எழுதினேன். அவள் கையெழுத்து வைத்தாள். சவர்க்கார உறையையும் உள்ளே வைத்து ஒட்டினேன்.

லீவு எடுக்காமல் தொடர்ந்து மூன்று மாதம் வராத உறுப்பினரின் ஆசனம் வெற்றிடமாகும். பட்டியலில் அடுத்து அதிக விருப்பு வாக்கு எடுத்தவருக்கு அது போகும். இது நான் போட்ட சட்டம் அல்ல.

மார்ச் கூட்டத்துக்குக் கடிதத்தைச் சட்டைப்பையில் கொண்டுபோனேன். செயலாளர் பெயர் கூப்பிட்டார். நோபர்ட் பெயருக்குப் பதில் வரவில்லை. வாங்கிலிருந்து எழுந்து பத்து அடி நடந்தால் போதும். எழுந்தேன், சட்டையைச் சரிசெய்துகொண்டு திரும்ப உட்கார்ந்துவிட்டேன். ஏப்ரலிலும் கொண்டுபோனேன், மே மாதமும் கொண்டுபோனேன். கொண்டுபோகவில்லை என்று மட்டும் யாரும் சொல்லமுடியாது.

கூட்டம் முடிந்து வரும்போது வாசலில் நிற்பாள்.

"குடுத்தீங்களா அண்ணே?"

"குடுத்தாச்சு."

அதைக் கேட்டதும் அவள் முகம் தெளிவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மூன்று மாதம் அவளை நிம்மதியாகத் தூங்கவைத்தது நான்தான்.

ஏப்ரல் கடைசி வரை நோபர்ட்டை அங்கே கண்டவர்கள் இருக்கிறார்கள் என்கிறீர்கள். இருக்கலாம். மே மாதம் அந்தக் கட்டடம் காலியாகிவிட்டதென்று எனக்கும் கேள்வி.

ஜூனில் சத்தியப்பிரமாணம் செய்தேன். சபை லீவை மறுத்துவிட்டது என்று அவளிடம் சொல்லியிருந்தேன். மாலையோடு வந்தாள்.

"நீங்களாவது அந்தக் கதிரையில இருக்கீங்களே. அவருக்காகப் பேசுங்கண்ணே."

பேசினேன். அவன் இரண்டு வருடம் கேட்டும் கிடைக்காத தெருவிளக்கை, அவர்கள் ஒழுங்கைக்கு இரண்டே மாதத்தில் போடவைத்தேன்.

இந்த வருடம் அவள் தானாகவே போய்க் கூட்ட அறிக்கையின் பிரதி வாங்கியிருக்கிறாள். அதில் லீவும் இல்லை, மறுப்பும் இல்லை. பிறகு, அவள் கொடுத்த முறைப்பாட்டில் நீங்கள் வந்து என் மேசை லாச்சியிலிருந்து கடிதத்தை எடுத்தீர்கள். ஏன் கிழித்துப்போடவில்லை என்று கேட்கிறீர்கள். அடுத்தவர் கடிதத்தைக் கிழிக்கும் பழக்கம் எனக்கில்லை.

கொடுத்திருந்தால் அவன் இன்று வீட்டில் இருந்திருப்பான். தெரிந்துதான் கொடுக்கவில்லை. எனக்குக் கதிரை வேண்டியிருந்தது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்து வைக்கிறேன்.

வியாழக்கிழமை சபைக் கூட்டம். அதற்குள் என்னை விடமாட்டீர்கள் போலிருக்கிறது. ஒரு தாள் தந்தால் லீவுக் கடிதம் எழுதிவிடுவேன். கொண்டுபோய்க் கொடுப்பதற்கு மட்டும், நம்பிக்கையான ஓர் ஆளாகப் பார்த்து அனுப்புங்கள்.