கண் மூடாத ஜெபம்

— நான் பேசிட்டே இருக்கேன், நீங்க என் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டேங்கறீங்களே மாப்பிள்ளை.

— தப்பா நினைக்காதீங்க மாமா. இந்த உசந்த நாற்காலியில ஏறிட்டா நீச்சல் குளத்தைத்தான் பார்க்கணும். நீங்க சொல்லுங்க, காது உங்ககிட்டதான் இருக்கு.

— வேலை செய்யற இடத்துல பேசற விஷயமில்லதான். வீட்டுல என் பொண்ணு முன்னால வேண்டாம்னு வந்தேன். ராத்திரி குடும்ப ஜெபத்துல நீங்க கண்ணை மூடறதே இல்லையாமே?

— பாப்பா போட்டுக்கொடுத்துட்டாளா?

— சிரிக்காதீங்க. உங்க அத்தை இருந்தவரைக்கும் அந்த ஜெப ரூம்ல ஒருத்தர் அசைய மாட்டாங்க. அவ போனப்புறமும் நான் ஒரு ராத்திரி தவறினதில்ல. முழங்கால் போட்டா வார்த்தை தங்கு தடையில்லாம வரும்.

— உங்க ஜெபத்தைப் பத்திச் சபையே பேசுதே மாமா.

— அப்ப மரியாதையா கண்ணை மூடிக்கங்க. முடியாதுன்னா இன்னைக்கிலேர்ந்து அந்த ரூமுக்கு வராதீங்க. குழந்தையும் உங்களைப் பார்த்துக் கத்துக்குது.

— இங்க பழகின பழக்கம் மாமா. ஒரு தலை தண்ணிக்குள்ள போனா, ‘ஆண்டவரே, மேல கொண்டு வாங்க’ம்பேன். வந்ததும் ஒரு ஸ்தோத்திரம். அப்புறம் அடுத்த தலை. கண்ணை மூடினா யாருக்காகக் கேக்கறேன்னே தெரியாது.

— எல்லாருக்குமா?

— எல்லாருக்கும்.

— அந்த மஞ்சள் தொப்பிப் பிள்ளைங்களுக்குச் சரி. அதோ, ஓரமாப் போறாரே நீலத் தொப்பி, அவருக்கு எதுக்கு? மீன் மாதிரி நீந்தறார்.

— அவருக்குத்தான் ஜாஸ்தி. பிள்ளைங்க மேல பத்துப் பேர் கண்ணு இருக்கும். நல்லா நீந்தறவரை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. மூழ்கறதுல சத்தமே இருக்காது மாமா.

— சரி, பேச்சை மாத்தாதீங்க. நான் கேட்டதுக்கு...

— தள்ளிக்கங்க மாமா.

— என்ன ஆச்சு? சட்டையோட குதிச்சுட்டீங்களே... மாப்பிள்ளை? நீலத் தொப்பியைக் காணோமே. இப்பத்தானே அங்க... ஆண்டவரே. மேல கொண்டு வாங்க. ரெண்டு பேரையும் மேல கொண்டு வாங்கப்பா. எனக்கு வேற ஒண்ணும் கேக்கத் தெரியலப்பா.

— மாமா, இவர் தோளைப் பிடிங்க. இழுங்க.

— பிடிச்சுட்டேன். மூச்சு இருக்கா?

— இருக்கு. ஒருபக்கமா சாய்ச்சுப் பிடிங்க. இருமறார், நல்லா இருமட்டும். ஐயா, பயப்படாதீங்க, கரைக்கு வந்துட்டீங்க. யாராவது ஆம்புலன்ஸுக்குப் போன் போடுங்க.

— ஸ்தோத்திரம். ஸ்தோத்திரம்.

— ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டுப் போயிட்டாங்க மாமா. கெண்டைக்கால் இழுத்துக்கிச்சாம். கூப்பிடலாம்னு வாயைத் திறந்தா தண்ணிதான் உள்ள போச்சுன்னார்.

— இத்தனை ஜனம் பக்கத்துலயே குளிச்சுட்டு இருக்கு, ஒருத்தருக்கும் தெரியல. நானே அவரைப் பார்த்துட்டுதானே நின்னேன்? உடம்பெல்லாம் சிலிர்க்குது. நம்ம பக்கத்துல யாரோ நின்னாங்க மாப்பிள்ளை. செருப்பைக் கழட்டணும்போல இருந்துச்சு.

— இந்தத் துண்டைப் போர்த்திக்கங்க. நான் மேல வரும்போது உங்க குரல் கேட்டுச்சு.

— என்ன சொன்னேன்னே ஞாபகமில்ல. அழகா ஒரு வார்த்தை வரல. கண்ணை மூடவும் மறந்துட்டேன்.

— எல்லாரையும் வெளிய அனுப்பிக் குளத்தைப் பூட்டியாச்சு. இப்ப உங்க முகத்தைப் பார்த்துப் பேசலாம்.

— அப்ப ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லணும். இங்க தண்ணி இருக்கு, உள்ள ஆள் இருக்கு. வீட்டுல, ராத்திரி ஜெபத்துல, கண்ணைத் திறந்துட்டு யாரைப் பார்க்கறீங்க?

— உங்களைத்தான் மாமா. அத்தை போனதிலேர்ந்து நீங்க இன்னும் மேல வரலையே.