ஓட்டை அர வெரக்கட தள்ளி

இங்கிட்டு ஒட்டி ஒக்காருங்க மேடம், மிசின் சத்தத்துல ஒண்ணும் கேக்காது. நீங்க சென்னையில டிராயிங் போடுறவுகதானே? அப்பச் சரி. நா பிச்சையம்மா, காண்ட்ராக்ட் ஆளு. வனிதா கம்பெனி ஆளு, அவ ஓட்டுற பிரஸ்ஸுக்குத் தகடு எடுத்துக் குடுக்குறது நாந்தான்.

அவ கையில அடிபட்டதத்தானே விசாரிக்க வந்தீங்க? சொல்றேன். மொதல்ல இந்தத் தகடப் பாருங்க. ஓட்டைய வளைவுக்கு ஒட்டியே வச்சுப்புட்டீங்க. தகட்ட நிறுத்துற பின்னுல ஓட்ட ஒக்காராம வழுக்குது. உள்ள கைய விட்டு அமுக்கிப் புடிச்சாத்தான் வளையும். அர வெரக்கட தள்ளி வச்சாப் போதும்.

ஏன் சொல்லலையா? நல்லாக் கேட்டீங்க. சூப்பர்வைசர் ராமு சார்ட்டச் சொன்னோம். டிராயிங்க மாத்தச் சொல்ல நீ யாருன்னாரு. வனிதா ஐடிஐ படிச்சவ, இங்கிலீசுலயே ஃபாரம் எழுதிக் குடுத்தா. அது சென்னைக்குப் போக மூணு கையெழுத்து வேணுமாம். மொதக் கையெழுத்தே விழல. இந்த யூனிட்டுல கொறையே கெடையாதுன்னு வருசா வருசம் கேடயம் வாங்குறாகள்ல, அது போயிருமாம். போன தடவ ஒங்க ஆபீஸ் ஆளுக வந்தப்ப எங்கள ஸ்டோர் பக்கம் வெரட்டிட்டு, நாங்க அரத்தால ராவிச் சரிபண்ணுன தகடாப் பொறுக்கிக் காட்டுனாக. ஏசி ரூமுல முந்திரி பிஸ்கட்டத் தின்னுட்டு, டிராயிங் பிரமாதம்னுட்டுப் போனாக. நீங்க இல்லைங்க, வேற ஆளுக.

திங்கக்கெழமையிலேருந்து இதவிடத் தடிச்ச தகடு வருது. அதே ஓட்ட. அது வழுக்குனா அமுக்கி நிறுத்த முடியாதும்மா.

என் கையா? இது போன ஆடியில. ரெண்டு வெரலு. மாட்டுக்குச் சோளத்தட்ட வெட்டயில போச்சுன்னு அறந்தாங்கி ஆஸ்பத்திரியில எழுத வச்சாரு காண்ட்ராக்டர். ஒங்களுக்கு எப்புடிக் காயிதம் வரும்? நாலு மாசத்துல திரும்பி வந்தேன். இதே மிசினுதான்.

வனிதாவக் கூப்புட்டுக் கட்டப் பிரிச்சுப் பாக்கணுமா? வேணாம் தாயி. அவ வேல போயிரும், ரெண்டு புள்ளைக. கம்பெனி ஆளுக்கு அடிபட்டா மட்டும், ஃபாரத்த யாரு கையெழுத்தும் இல்லாம நேரா சென்னைக்கு அனுப்பலாம்னு அவதான் கண்டுபுடிச்சா. செவ்வாக்கெழம சாப்பாட்டு நேரத்துல மருந்து டப்பாவத் தொறந்து, நல்லா இருக்குற வெரல்ல துணியச் சுத்திக்கிட்டா. ஓட்டைய எம்புட்டு தள்ளி வைக்கணும்னு எடது கையாலயே எழுதி, வாசல் கேட்டுல இருக்குற பெட்டியில போட்டுட்டு வந்து ஒக்காந்தா.