ஏழாவது நிறுத்தம்

— கூரை போடக் கூடாதுன்னு நான் சொல்லலையே, அபூ கஸ்வான். இந்தச் சுவர் மேல போடக் கூடாதுன்னுதான் சொல்றேன்.

— என் கண்ணு டாக்டர், வீட்டுல நிக்கிறது இந்த ஒரு சுவர்தான். இது மேல போடாம, திஜ்லா ஆத்து மேலயா கூரை போடுவேன்?

— அதாவது, உங்களுக்கு இது சுவர். உலகத்துக்கு இது சாட்சி. நாற்பத்து மூணு குண்டு. மோசூல் பழைய நகரத்துலயே போர் இவ்வளவு தெளிவா கையெழுத்துப் போட்ட இடம் வேற கிடையாது. எங்க மரபு மீட்புத் திட்டத்தோட நினைவுப் பாதையில இது ஏழாவது நிறுத்தம்.

— ஆறு நிறுத்தம் நடந்து வர்றவங்க இங்க வந்ததும் முதல்ல கக்கூஸ் எங்கன்னுதான் கேக்குறாங்க. வா, உம்மு கஸ்வான். டீயை வெச்சுட்டு உள்ளே போ.

— உள்ளேயா? எதை உள்ளேங்கிறீங்க? தார்ப்பாய்க்கு அந்தப் பக்கமா?

— டாக்டர் முன்னாடி ஆரம்பிக்காதே.

— டாக்டர்தான் கேக்கணும். போன வாரம் ஒரு வெள்ளைக்காரன் என்னை இந்தச் சுவரோரம் நிக்கச் சொன்னான். நின்னேன். சிரிக்காதீங்கன்னான். இவரைப் பார்த்தேன், சோகம் தானா வந்துடுச்சு.

— அதாவது அம்மா, அந்தப் படங்கள்தான் இந்த ஊரை உலக வரைபடத்துல திரும்ப வைக்குது. நான் பாரிஸ்ல இந்தச் சுவரைப் பத்தி நாற்பது நிமிஷம் பேசினேன். மேல் வரிசை, ஒருத்தன் நின்னுக்கிட்டுச் சுட்டது. கீழ் வரிசை, அவனே காயம்பட்டு மண்டி போட்டுச் சுட்டது. ஒரு மனுஷனோட கடைசி நிமிஷம் இங்க பதிஞ்சிருக்கு. அரங்கத்துல பாதிப் பேர் கண்ணைத் துடைச்சாங்க.

— துடைச்சாங்களா?

— இன்னுமா வாயை மூடிக்கிட்டு இருக்கீங்க? சொல்லிடுங்க.

— பேசாம இரு.

— மழைக்கு இன்னும் பதினஞ்சு நாள்தான். போன வருஷம் பேத்திக்கு மார்ச்சளி வந்து அக்கரை ஆஸ்பத்திரியில ஒன்பது நாள் கிடந்தோம். இந்த வருஷமும் தார்ப்பாய்க்குக் கீழே என்னால முடியாது. டாக்டர், காயம்பட்டவன்னு யாருமில்ல. இவருக்கு இடுப்பு வலி. அதான் கீழ் வரிசையை உட்கார்ந்து குடைஞ்சார்.

— என்ன குடைஞ்சார்?

— ஓட்டையைத்தான். காலையில பாலாடையும் ரொட்டியும் தின்னுட்டு ஆரம்பிச்சார். மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்றதுக்குள்ள நாற்பத்து மூணும் முடிஞ்சுது.

— அபூ கஸ்வான்?

— என் கண்ணு டாக்டர், கோபப்படாம கேளுங்க. விமானம் போட்ட குண்டு கூரை வழியா விழுந்து மூணு அறையையும் தின்னுடுச்சு. இந்தச் சுவரை மட்டும் தொடலை. நஷ்டஈட்டுக்கு எழுதுற ஆளு தெருவுல நின்னு பார்த்துத்தான் எழுதுவான், உள்ளே கால் வைக்க மாட்டான்னு எல்லாருக்கும் தெரியும். வெளியில இருந்து பார்த்தா என் வீடு மாப்பிள்ளை மாதிரி நிக்குது. ‘லேசான சேதம்’னு எழுதிட்டுப் போயிடுவான். அதான் டிரில் வாடகைக்கு எடுத்தேன்.

— எழுதினானா?

— ‘பலத்த சேதம்’னு எழுதினான். அதைப் பார்த்துத்தானே உங்க ஆளுங்க வந்து கண்ணாடி போட்டு மூடினாங்க.

— இதுக்கு ஜெயிலுக்கு அனுப்புவாங்க, தெரியுமா?

— அனுப்பட்டும். அங்க கூரை இருக்கு.

— டாக்டர், முகம் வெளுத்துப் போச்சே. டீயைக் குடிங்க. குடிச்சுட்டுப் போலீஸைக் கூப்பிடுங்க.

— முதல்ல அந்தக் கதவைச் சாத்துங்க.

— எந்தக் கதவை?

— சரி, மெதுவாப் பேசுங்க. போன வாரம் சலூன்கார நஷ்வான் என் ஆபீசுக்கு வந்து அழுதார். அதுக்கு முந்தின வாரம் ஊறுகாய்க் கடைக்காரர். ஆறு நிறுத்தக்காரங்களும் ஒருத்தர் விடாம வந்து இதையேதான் சொன்னாங்க. உங்க சுவர் ஒண்ணைத்தான் மலை மாதிரி நம்பியிருந்தேன்.

— ஒரே டிரில்தான் டாக்டர். வாடகையைப் பங்கு போட்டுக்கிட்டோம்.

— அப்போ இந்தத் தெருவுல நிஜமா குண்டு பட்ட சுவரே கிடையாதா?

— ஏன் இல்ல? பள்ளிக்கூடத்துச் சுவர் சல்லடையா இருந்துச்சே. நான் கண்ணால பார்த்தேன். அதை என்ன பண்ணீங்க?

— அதாவது... அது நாங்க வந்த முதல் வாரம். நிதி கொடுக்கிறவங்க கண்ணுல பட்டா அசிங்கமா இருக்கும்னு, பூசி, வெள்ளையடிச்சு, மேல ஒரு சமாதானப் புறா வரைஞ்சுட்டோம்.

— நல்ல கொழுத்த புறா. நான் கோழின்னு நினைச்சேன்.

— அபூ கஸ்வான், நீங்க கூரை போட்டுக்கோங்க. அனுமதிக் காகிதம் இப்பவே எழுதித் தர்றேன்.

— அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுசைக் கொடுக்கட்டும், என் கண்ணு.

— இருங்க, முடிக்கலை. வியாழக்கிழமை நிதி கொடுக்கிற நாட்டோட தூதர் வர்றார். அதுக்குள்ள அதே டிரில்லால அந்தப் பள்ளிக்கூடத்துச் சுவரை மறுபடி சுட்டுக் கொடுத்துடுங்க.