நேராகத் தைத்த லேபிள்

உங்கள் சட்டையில் தோள் தையல் அரை அங்குலம் கீழே இறங்கியிருக்கிறது சார். வீட்டில் யாரும் சொல்லவில்லையா? ஒரு அளவு சின்னதாக எடுத்தால் ஆள் இன்னும் நிமிர்ந்து தெரிவீர்கள். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ரெடிமேட் கடையில் ஆல்டரேஷன் மேஜையில் பதினான்கு வருடம் உட்கார்ந்தவள் நான். ஆம்பிளை என்று யார் வந்தாலும் முகத்துக்கு முன்னால் தோளைத்தான் பார்ப்பேன். முகத்தில் பெரும்பாலும் பார்க்க ஒன்றும் இருக்காது.

சரி, என் வீட்டுக்காரரின் சட்டைக்கு வருகிறேன். அதற்குத்தானே ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள். அவர் தீக்காய வார்டில் பதினெட்டு நாளாகப் படுத்திருக்கிறார், இரண்டு கையும் கட்டுக்குள் இருக்கிறது, என்னை உள்ளே விடமாட்டேன் என்கிறார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை என்று நர்ஸ் சொன்னாள். எனக்குத் தெரியும் என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

கல்யாணமான மூன்றாம் நாள் அவர் பீரோவைத் திறந்தேன். வாந்தி வராத குறைதான். பாசிப் பச்சையில் ஒரு கட்டம், காப்பிப் பொடி நிறத்தில் ஒரு பேன்ட், முழங்காலில் சாயம் போன இன்னொன்று. எல்லாவற்றையும் மூட்டை கட்டிக் கொடுத்துவிட்டு அவருக்கு நானே எடுத்தேன். மேல் தட்டு வேலைக்கு, கீழ்த் தட்டு வெளியே போக. சாம்பல், கருநீலம், வெள்ளை, இந்த மூன்றுக்கு மேல் அந்த உடம்பு தாங்காது. அன்றிலிருந்து பத்தொன்பது வருடம் காலையில் கட்டில் ஓரத்தில் நான் எடுத்து வைத்ததைத்தான் போட்டார். குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்து நின்று, “இன்னைக்கு எது?” என்பார். கண்ணுக்கு எதிரே இருக்கும். இருந்தாலும் கேட்பார்.

ஒருமுறை வேண்டுமென்றே சட்டையைத் திருப்பி, தையல் வெளியே தெரிய வைத்துப் பார்த்தேன். அப்படியே மாட்டிக்கொண்டு போனார் சார். சாயந்தரம் வந்து, “எல்லாரும் சிரிச்சாங்க, ஏன்னே தெரியல”ன்னார். பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லி இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். இப்படி ஒரு மண்ணாந்தையோடு குடித்தனம் நடத்துவது லேசில்லை என்று அவளே சொன்னாள்.

அவருக்கு கேட், கிராதி செய்யும் பட்டறையில் வெல்டிங் வேலை. முன்பக்கத்துக்குத் தோல் ஏப்ரன் பட்டறையில் கொடுப்பார்கள், சட்டை நம்முடையது. அது சுத்தப் பருத்தியாக இருக்க வேண்டும். பருத்தியில் பொறி விழுந்தால் ஓட்டை விழும், அவ்வளவுதான். பாலியஸ்டர் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் மாதம் பிறந்தால் மேற்பார்வையாளர் ஒவ்வொருவர் காலரையும் புரட்டி லேபிளைப் படிப்பார். நான் லேபிளை நம்பினதே இல்லை. எந்தச் சட்டை எடுத்தாலும் உள் தையலிலிருந்து ஒரு நூலை உருவி அடுப்பில் காட்டிப் பார்ப்பேன். சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி, கறுப்பாக உருண்டு கெட்டிப்பட்டால் மற்றது. பத்தொன்பது வருடத்தில் அவர் கையில் ஒரு கொப்புளம் வந்ததில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

போன வருடக் கடைசியில் என் நாத்தனார் மகளுக்குப் பிறந்தநாள். கீழ்த் தட்டிலிருந்து வெள்ளைச் சட்டை எடுத்து வைத்துவிட்டு நான் தலை வாரிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் மாம்பழ மஞ்சளில் ஒரு சட்டையோடு நிற்கிறார். கடை மடிப்புக்கூடக் கலையவில்லை.

“வர்ற வழியில பாத்தேன். புடிச்சிருந்துது. எப்படி இருக்கு?”

நன்றாக இருந்தது. அதுதான் விஷயம். தோள் சரியாக உட்கார்ந்திருந்தது, கை நீளம் மணிக்கட்டில் நின்றது, அந்த நிறத்தில் அவர் முகம் யாரோ விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. எடுத்து வைத்த வெள்ளைச் சட்டையை மடித்துத் தட்டில் திரும்ப வைத்தேன். அங்கே நாத்தனார் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். “அண்ணா, பத்து வயசு குறைஞ்சு போச்சு போங்க. அண்ணி செலக்‌ஷனா?” அவர் சிரித்தார். “இல்ல, நானே எடுத்தது.” அன்று மட்டும் ஏழு பேரிடம் அதைச் சொன்னார். நானே, நானே என்று. கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

வேறு பெண் யாராவது இருந்தாளா என்று நேற்று கேட்டீர்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. பட்டறை வாசலில் நாலு நாள் நின்றேன், போனைத் துருவினேன். யாரும் இல்லை. இருந்திருந்தால் ஒரு கை பார்த்திருப்பேன், நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு விட்டிருப்பேன். உண்மையாகவே அவரேதான் எடுத்திருக்கிறார். கடைக்குள் போய், நாலைப் புரட்டி, ஒன்றைப் பிடித்து, அதுவும் சரியான அளவில். அப்படியென்றால் பத்தொன்பது வருடமாக என்னிடம் எதற்கு ‘இன்னைக்கு எது’?

அதற்குப் பிறகு இன்னும் இரண்டு வந்தது. ஒன்று பச்சை. கீழ்த் தட்டில் என் வெள்ளைகளை ஒதுக்கிவிட்டு அவற்றை அடுக்கினார். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: “இனிமே என் துணிய நானே எடுத்துக்கறேன். உனக்கு எதுக்கு சிரமம்?”

சிரமமாம்.

“வெளிய போறதுக்கு எடுத்துக்கோங்க. வேலைக்குப் போடறத மட்டும் நான் பாத்துக்கறேன். நெருப்பு வேலை, துணி பாத்து எடுக்கணும்” என்றேன்.

“அது சரிதான். அதெல்லாம் உனக்குத்தான் தெரியும்”ன்னார். சொல்லிவிட்டு மோர் கேட்டார்.

அந்த வாரமே சாம்பல் நிறத்தில் முழுக்கைச் சட்டை ஒன்று எடுத்தேன். நூலை உருவி அடுப்பில் காட்டினேன். கறுப்பாக உருண்டது. இன்னொரு நூலையும் காட்டினேன், சந்தேகம் வேண்டாம் என்று. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் தூங்கும்போது, சட்டையில் இருந்த லேபிளைப் பிரித்து எடுத்துவிட்டு, உறை பிரிக்காத ஒரு பருத்திச் சட்டையின் லேபிளைக் காலரில் வைத்துத் தைத்தேன். மறைத்தையல். கடையில் என் மறைத்தையலை உள்ளங்கையில் வைத்துத் தேடுவார்கள்.

மேற்பார்வையாளர் அந்த மாதமும் காலரைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சரி என்றுதான் அனுப்பினார். எல்லாம் நடந்த பிறகுதான் மிச்சமிருந்த காலரை எடுத்து வைத்துக்கொண்டு யோசித்திருக்கிறார். “எந்தக் கம்பெனிக்காரன் லேபிள இவ்வளவு நேரா தைக்கிறான்?” என்று உங்களிடம் கேட்டாராமே. கெட்டிக்காரர். கம்பெனி லேபிள் எப்போதும் ஒரு நூல் சாய்ந்துதான் இருக்கும், மிஷினில் அள்ளித் தள்ளுகிற வேலை. எனக்கும் தெரியும். கோணலாகத் தைக்கத்தான் முதலில் உட்கார்ந்தேன், சார். கை வரவில்லை. இரண்டு தடவை பிரித்தேன். கடைசியில் நேராகவே தைத்துவிட்டேன்.

கொல்ல நினைத்தேன் என்று எழுதாதீர்கள், அது பொய். மார்பும் வயிறும் தோல் ஏப்ரனுக்குள் இருக்கும். வெளியே தெரிவது கை மட்டும்தான். பொறி பறக்கிற வலது கை மட்டும் என்றுதான் நினைத்தேன். இடது கை அவராகத் தேடிக்கொண்டது. சட்டைக் கை பற்றிக்கொண்டதும் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்கையால் அதைப் பிய்க்கப் போயிருக்கிறார். உருகுகிற துணியை யாராவது அப்படிப் பிடிப்பார்களா? ஒரு வேலையும் உருப்படியாகச் செய்யத் தெரியாது என்று நான் சொன்னால் மட்டும் கோபம் வரும்.

ஆமாம், தெரிந்துதான் எடுத்தேன். தெரிந்துதான் தைத்தேன். அவர் கையால் பொத்தான் போடக் கூடாது, அவ்வளவுதான் நான் விரும்பியது. இனி விரல் மடங்காது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நல்லதுக்குத்தான். வீட்டுக்கு வரட்டும், காலையில் நான் போட்டுவிடுகிறேன்.

மஞ்சள் சட்டையைக் கொண்டுவரச் சொன்னார் என்கிறீர்கள். மருந்து மயக்கத்தில் ஏதாவது உளறியிருப்பார். அது இப்போது அடுப்பு துடைக்கிற துணி. இந்தப் பையில் வெள்ளைச் சட்டை ஒன்று வைத்திருக்கிறேன், நர்ஸிடம் கொடுத்துவிடுங்கள். சுத்தப் பருத்தி, வேண்டுமானால் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். என்னைப் பார்க்கவே மாட்டேன் என்று அவர் எழுதச் சொன்ன காகிதத்தையும் படித்துக் காட்டினீர்கள், கேட்டுக்கொண்டேன். ஆனால் வார்டிலிருந்து அனுப்புகிற அன்றைக்கு எதைப் போட்டுக்கொள்வதென்று அவருக்குத் தெரியாது சார். என்னைத்தான் கேட்பார்.