முள்ளெலிச் சிவப்பு

— தண்ணியெல்லாம் வேண்டாம் மேடம். சங்கு குளிக்கப் போற மனுசனுக்கு வாரத்துல மூணு நாளு உங்க லேப்ல என்ன வேல? அதச் சொல்லுங்க.

— நீங்க ரெக்ஸ் அண்ணன் வீட்லயாக்கா?

— ஆமா, விஜிலா. திரேஸ்புரத்துலருந்து ரெண்டு பஸ் மாறி வாரேன். நீங்கதான சுஜிதா?

— ஆமாக்கா. அண்ணன் எங்களுக்குக் கடல் முள்ளெலி எடுத்துட்டு வர்றாங்க. அந்த உருண்டை முள்ளு ஓட்டுலருந்து ஒரு சிவப்புச் சாயம் பிரிக்கிறோம். மருந்து ஆராய்ச்சிக்கு.

— குடுத்துட்டு வரவேண்டியதான? எங்கிட்ட பத்து வார்த்த பேச மாட்டாக. சோத்துல கைய வச்சா ‘சுஜிதா மேடம் சொன்னாங்க, சுஜிதா மேடம் சொன்னாங்க.’ போன ஞாயித்துக்கெழம மாதா கோயில்ல பாதிப் பூசையில உங்க போனு வருது, எந்திரிச்சு வெளிய ஓடுதாக. சட்டையில செவப்பா கறைன்னு கொடியில பாத்துட்டு பக்கத்து வீட்டு அந்தோணியம்மா சொல்லிச் சிரிக்கா.

— அது சாயக் கறைக்கா.

— எதுன்னா என்ன? அந்தச் சட்டைய அடுப்புல போட்டுட்டேன்.

— அய்யோ! அண்ணன் எங்கிட்ட கேக்குறது ஒரே கேள்விதான்க்கா. ‘இது எப்ப மருந்தா வரும்?’

— அவுகளுக்கு எதுக்கு மருந்து?

— கண்ணுக்குள்ள ரத்தம் கசிஞ்சா, ரஷ்யாவுல இந்தச் சாயத்த ஊசியா போடுறாங்க. பேச்சுவாக்குல நான்தான் சொன்னேன். அன்னைலருந்து விடல. நாங்க இன்னும் எலிக்குக் குடுத்துதான் பாக்குறோம், வருசக்கணக்காகும்னு சொன்னாலும் கேக்கல.

— ஏசுவே! அவுக கண்ணுக்கு என்ன?

— அவங்க கண்ணு நல்லாதான் இருக்கு.

— பொறவு?

— ‘எம் பொஞ்சாதிக்கு சுகர். ஊசியில நூல் கோக்க முடியல. எதுக்க நின்னா கொரல வச்சுத்தான் என்னையே கண்டுபிடிக்கா. எனக்குத் தெரியாதுன்னு மறைக்கா, நான் கேட்டா ஒடஞ்சு போவா’ன்னு இந்த நாற்காலியில உக்காந்து அழுதாங்க. ஞாயித்துக்கிழம போன் பண்ணுனது, உங்களுக்குக் கண் டாக்டர்கிட்ட நாள் வாங்கிட்டேன்னு சொல்ல. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் அவங்களுக்குத் தெரியல.

— பாவி மனுசன்! எல்லாம் தெரிஞ்சுதான் இருந்துருக்காக.

— அழாதீங்கக்கா. எங்க மருந்துக்காகக் காத்திருக்கவே கூடாது. லேசர் வச்சு இப்பவே பாக்கலாம். நானும் கூட வர்றேன். கிளம்புவோமா?

— வாரேன். என் மனுசன மயக்குன மூஞ்சி எப்படித்தான் இருக்குன்னு பாக்க வந்தேன் மேடம். இவ்வளவு கிட்ட உக்காந்தும் உங்க மூஞ்சி எனக்குத் தெரியல.