மேட்டுத் தெருவின் முறை

டேங்க் நிறைய இரண்டரை மணி நேரம் ஆகும் மேடம். அந்த நேரத்தில் ஒரு மனிதன் செல்போன் பார்க்காமல் வேறு என்ன செய்வான், நீங்களே சொல்லுங்கள். மோட்டாரைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. கரண்ட் போகும், வரும். போரில் தண்ணீர் இறங்கிவிட்டால் மோட்டார் காற்றை இழுக்கும். பக்கத்திலேயே காவல் இருக்க வேண்டும். பதினாறு வருஷமாக நான் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

பெயர் மிக்கேல்ராஜ். ஊராட்சியில் தண்ணீர் திறந்துவிடுகிற வேலை. ஆத்தூர் அணைக்குப் பக்கத்து ஊர் என்றால், "ஒங்களுக்கு என்னப்பா தண்ணிக் கவலை" என்று கேட்காத ஆள் இல்லை. அணைத் தண்ணீர் டவுனுக்குப் போகிறது. எங்களுக்கு உள்ளது இரண்டு போர், ஒரு டேங்க், நான்கு தெரு. மேட்டுத் தெருதான் கடைசி. திங்களும் வியாழனும் அவர்கள் முறை. வால்வைத் திறந்தால் ஒரு மணி நேரம் ஓடும். அதில் முதல் பன்னிரண்டு நிமிஷம் குழாயில் வெறும் காற்றுதான் வரும். மேடு அல்லவா, தண்ணீர் ஏற வேண்டும்.

என் போனில் நீங்கள் பார்த்த விண்வெளி விளையாட்டை ஏற்றிக் கொடுத்தது ரிஃபாத். சித்தையன்கோட்டையில் செல்போன் கடை வைத்திருக்கிறான். அவனை இந்தப் போலீஸ் கேஸில் இழுக்க வேண்டாம். அவனுக்கு ஒன்றும் தெரியாது. விளையாட்டில் முதலில் ஒரு கிரகம் கொடுப்பார்கள். அதில் கொஞ்சம் சனம், கொஞ்சம் தாது, கொஞ்சம் எரிசக்தி. அதை வைத்து மற்ற கிரகங்களைப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு கிரகத்துக்குக் கீழேயும் ஒரு பச்சைக் கோடு இருக்கும். அது சனத்தின் மனநிறைவு. கோடு சிவப்பானால் கலகம்.

முதல் மூன்று ஆட்டத்திலும் நான் மண்ணைக் கவ்வினேன். கப்பல் கப்பலாகக் கட்டி, ஒரே மூச்சில் ஆறு கிரகத்தைப் பிடித்தேன். நான்காம் நாள் எரிசக்தி காலி. கட்டின கப்பல் நகரவில்லை, பிடித்த கிரகத்துக்குச் சோறு இல்லை. ஆறும் சிவப்பாகிப் போயின.

ரிஃபாத் பார்த்துவிட்டுச் சிரித்தான். "ஏண்ணே இம்புட்டு அவசரம்? பந்தியில எடம் பிடிக்கப் போற மாதிரி ஓடுறீங்க. மொதல்ல கிடங்கு கட்டுங்க. கையில இருப்பு இருக்குறவன்தான் கடைசி வரைக்கும் நிப்பான்."

அவன் சிரித்தது எனக்கு வலிக்கவில்லை. சிரிப்பில் எத்தனையோ வகை இருக்கிறது மேடம்.

நான்காவது ஆட்டத்தில் நின்று விளையாடக் கற்றுக்கொண்டேன். பத்து முறை வரைக்கும் ஒரு கிரகத்தையும் தொடவில்லை, கிடங்கைத்தான் நிரப்பினேன். பிறகு வரி. அதில்தான் திரும்பவும் சறுக்கினேன். அவசரத்துக்கு ஒரு கிரகத்தின் எரிசக்தியில் பாதியை உருவினேன், உடனே கலகம். அதற்கும் ரிஃபாத்திடம்தான் போய் நின்றேன்.

"ஒரே அடியா உருவுனா பொங்கிரும்ணே. ஒவ்வொரு முறைக்கும் கொஞ்சூண்டு எடுங்க. கோடு அசையாது. கொறஞ்சதே அதுகளுக்குத் தெரியாது" என்றான்.

நம்ப மாட்டீர்கள், அப்படியேதான் நடந்தது. அந்தக் கிரகத்தின் எரிசக்தியைப் பத்தில் மூன்று பங்காக இறக்கின பிறகும் கோடு பச்சையாகவே இருந்தது. அன்றைக்கு வீட்டில் என் பெண்டாட்டி ஆரோக்கியம்மாள் கூடக் கேட்டாள், என்ன மூஞ்சியில் இம்புட்டு வெளிச்சம் என்று.

இனி சித்திரையில் நடந்ததைச் சொல்கிறேன். மோட்டார் காயில், அதாவது உள்ளே இருக்கிற கம்பிச்சுருள், கருகிப்போய் எட்டு நாள் ஊருக்கே தண்ணீர் இல்லை. காயில் கருகியதற்கு நான் என்ன செய்வேன்? எட்டு நாளும் நான் சோறு தண்ணி பார்க்காமல் மெக்கானிக் பின்னால் அலைந்தேன். ஒன்பதாம் நாள் மேட்டுத் தெருப் பெண்கள் குடத்தோடு ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். விளக்கிச் சொல்லலாம் என்று நான்தான் போனேன். யாரும் கூப்பிடவில்லை, நானாகப் போனேன்.

கௌசல்யா எழுந்து வந்தாள். பாண்டியராஜ் பெண்டாட்டி. அவன் லோடு ஆட்டோ ஓட்டுகிறான், இவள் பூப்பறிக்கப் போகிறவள். "எட்டு நாளா எங்க போயி ஒளிஞ்சீரு? நாங்க இதையா குடிக்கிறது?" என்று கேட்டுக்கொண்டே, ஓடையிலிருந்து அள்ளி வந்த சேற்றுத் தண்ணீரை என் தலையோடு கவிழ்த்தாள். கால் வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். யாரோ போனில் படம் பிடித்தார்கள். பின்னால் ஒரு கோமாளிப் பாட்டைச் சேர்த்து, பொழுது சாய்வதற்குள் ஊர் வாட்ஸ்அப் முழுக்க அனுப்பிவிட்டார்கள். பாலிடெக்னிக்கில் படிக்கிற என் மகன் ராபினுக்கு அவன் கூட்டாளிகளே அனுப்பியிருக்கிறார்கள். அவன் அதை என்னிடம் காட்டினான். காட்டும்போது அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

நான் ஒரு தடவைதான் பார்த்தேன். அன்றைக்கே அழித்துவிட்டேன்.

பதினாறு வருஷம், மேடம். காய்ச்சலோடு வால்வு திருப்பியிருக்கிறேன். என் அப்பா அடக்கத்தன்றைக்குக் கூடக் கல்லறையிலிருந்து நேரே போய்த் திறந்துவிட்டேன். அந்தத் தலையில் சேற்றைக் கொட்டிவிட்டுச் சிரிக்கிறார்கள். குடத்தைத் தட்டித் தட்டிச் சிரிக்கிறார்கள். முதலில் சிரிப்பது யார், நடுவில் "இன்னொரு கொடம் ஊத்துடி" என்பது யார், கடைசியில் மூச்சு வாங்கச் சிரிப்பது யார், எல்லாக் குரலும் எனக்குத் தெரியும். நாய்க்குக் கூட அப்படி ஊற்ற மாட்டார்கள். சோற்றைத் தின்கிறார்களா வேறெதையாவது தின்கிறார்களா?

மன்னியுங்கள். குரல் உயர்ந்துவிட்டது. கோபம் இல்லை, மோட்டார் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகின தொண்டை.

அடுத்த திங்கட்கிழமை மேட்டுத் தெரு வால்வை நாற்பத்திரண்டு வினாடி முன்னதாக மூடினேன். ஏன் அந்த எண் என்று கேட்காதீர்கள், ஏதோ ஓர் அளவு வேண்டும். அதற்கடுத்த திங்கள் இன்னொரு நாற்பத்திரண்டு. வியாழக்கிழமைகளில் புதிதாக எதையும் குறைக்க மாட்டேன், திங்களன்று விட்ட அளவே விடுவேன். மற்ற மூன்று தெருவுக்கும் ஒரு சொட்டுக் குறையவில்லை. குடம் குறைகிறதே என்று யாராவது கேட்டால், "போர்ல தண்ணி எறங்கிருச்சுக்கா" என்பேன். தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். கோடு பச்சையாகவே இருந்தது.

ஆறு மாதம் போயிருக்கும். கௌசல்யா டேங்குக்கே வந்தாள். கையில் ஒரு கட்டு முருங்கைக்காய்.

"அண்ணே, அன்னைக்கி ஏதோ வெறியில செஞ்சுட்டேன். புள்ளைக்கி மேலுக்குச் சரியில்ல, வீட்டுல பொட்டுத் தண்ணி இல்ல. மனசுல வச்சுக்கிராதீக."

"அதெல்லாம் எப்பவோ மறந்துட்டேம்மா" என்றேன்.

அவள் கண் கலங்கிவிட்டது. நல்ல காய்தான், ஆரோக்கியம்மாள் சாம்பார் வைத்தாள், நான் இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டேன். அடுத்த திங்கட்கிழமை வழக்கம்போல நாற்பத்திரண்டு வினாடி குறைத்தேன். இதிலிருந்தே நீங்கள் புரிந்துகொள்ளலாம், அந்தப் பெண் மீது எனக்குத் தனியாக எதுவும் இல்லை.

ஐம்பதாவது வாரம் வந்தபோது மேட்டுத் தெருவுக்கு ஓடினது இருபத்தைந்து நிமிஷம். காற்றுப் போக வீட்டுக்கு நான்கு குடம் வந்தால் பெரிது. குளிக்கத் துவைக்கப் பாறைப் பள்ளத்துக்குப் போக ஆரம்பித்தார்கள். பழைய கல்குவாரி, மழைத் தண்ணீர் நின்று பாசி பிடித்துக் கிடக்கிறது. டேங்கிலிருந்து கூப்பிடு தூரம். இறங்குகிற பாறை வழுக்கும், அதற்குக் கீழே முப்பதடி ஆழம். பார்க்கப் பரிதாபமாக இருந்தது. நானே போய் மேலே கடப்பாரை அடித்து, பிடித்து இறங்க ஒரு வடக்கயிறு கட்டிக் கொடுத்தேன். தெருவே என்னைப் புகழ்ந்தது. "நீங்க நல்லாருக்கணும்ணே" என்று கௌசல்யா சொன்னாள். அதை எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தச் சமயம் விளையாட்டில் ஒரு கிரகம் மட்டும் எனக்கு மசியவில்லை. வழியை அடைத்துப் பார்த்தேன், அசையவில்லை. அதனிடம் இருப்பு இருந்தது. ரிஃபாத்திடம் கேட்டேன்.

"அவன் கிடங்க நீங்க ஒடைக்க வேணாம்ணே. அவனையே காலி பண்ண வைங்க. சமாதானம்னு சொல்லுங்க, நாளைக்கிச் சரக்கு வருதுன்னு ஆசை காட்டுங்க. இருக்குறத எடுத்துச் செலவழிச்சுருவான். அப்ப அடைங்க" என்றான்.

அறுபதாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஆனி மாதம். பள்ளத்துக்குப் போய்க் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டிருந்தேன். கௌசல்யா பார்த்துவிட்டாள்.

"ஏண்ணே கயித்த அவுக்குறீக?"

"மோட்டாரத் தூக்கணும்மா. நாளைக்கி மத்தியானம் தூக்குனா ரெண்டு நாளைக்கித் தண்ணி வராது. அதனால காலைல அஞ்சு மணிக்கே ஒரு மணி நேரம் முழுசா விடுறேன். எல்லாரையும் டிரம்மக் கழுவி வைக்கச் சொல்லு."

"ஒரு மணி நேரமா? நெசமாவா அண்ணே?"

"மாதா சத்தியமா."

அவள் ஓட்டமாகப் போய்த் தெரு முழுக்கச் சொன்னாள். அன்றைக்கு மேட்டுத் தெருவில் திருவிழாக் களைதான். நீல டிரம், அண்டா, வாளி எல்லாவற்றையும் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவினார்கள். மிச்சமிருந்த தண்ணீரில் பிள்ளைகளைக் குளிப்பாட்டினார்கள். டேங்க் படியில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மோட்டாரைத் தூக்கும் வேலை எதுவும் கிடையாது. மோட்டார் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை ஐந்து மணிக்கு நான் வால்வைத் திறக்கவில்லை. டேங்க் நிறைந்திருந்தது. நிறைந்த டேங்க் வெளியே இருந்து பார்த்தால் தெரியாது.

கௌசல்யா குளிக்காமல் பூவில் கை வைக்க மாட்டாள். சாமிக்குப் போகிற பூ என்பாள். மல்லிகையோ விடிவதற்குள் பறித்தாக வேண்டும், மொட்டு விரிந்தால் மார்க்கெட்டில் எடுக்க மாட்டார்கள். தெருவில் முதல் ஆளாகக் கிளம்புகிறவள் அவள்தான். இது ஊருக்கே தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும்.

ஐந்தே காலுக்குத் துண்டும் குடமுமாக வந்தாள்.

"என்னண்ணே, இன்னும் வரலையே?"

"கரண்ட் இல்லம்மா. செத்த நேரம் பொறு."

"பூ விரிஞ்சு போகும்ணே. வீட்டுல ஒரு செம்புத் தண்ணி இல்ல, எல்லாத்தையும் கவுத்துட்டோம். நான் பள்ளத்துலயே ஒரு முழுக்குப் போட்டுட்டு ஓடிர்றேன்."

"பாத்துப் போம்மா" என்றேன்.

அவள் தலைக்கு மேலே தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவசரத்தில் அவள் அதைக் கவனிக்கவில்லை.

கூப்பிடு தூரம் என்று முன்பே சொன்னேன். கூப்பிட்டாள். "அண்ணே" என்று இரண்டு தடவை. மூன்றாவது தடவை பாதிதான் கேட்டது. அப்போது விளையாட்டில் என் முறை ஓடிக்கொண்டிருந்தது, முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். அந்தக் கிரகம் விழுந்துவிட்டது.

பிறகு நான்தான் முதலில் சத்தம் போட்டு ஊரைக் கூட்டினேன். அவளைத் தூக்கிக் கரையில் போட்டிருந்தபோது அவள் மகள் பானுப்ரியா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை. "தண்ணி விடுறேன்னு சொன்னீகளே மாமா, எங்க விட்டீக? எங்க விட்டீக?" என்று உலுக்கினாள். அன்றைக்கு மேட்டுத் தெருவுக்கு நான்கு மணி நேரம் விட்டேன். குளிப்பாட்டுவதற்கு வேண்டுமே. பிடிக்க ஆளில்லாமல் தெருவில் ஓடியது.

அந்தப் பிள்ளையை நான் குறைத்து எடை போட்டுவிட்டேன். தண்ணீர் எப்போது வந்தது, எப்போது நின்றது என்று தினசரிக் காலண்டர் தாளிலேயே எழுதி வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். வருத்தமோ பயமோ இல்லை, முழுக் கோபத்தோடு அந்தத் தாள்களைக் கட்டாக உங்கள் மேஜையில் வீசினாளாம். அறுபது வாரம், வாரத்துக்கு இவ்வளவு என்று அவளே கழித்துப் பார்த்துச் சொன்னாளாம். விளையாட்டில் எனக்கு எதிராக அவள் உட்கார்ந்திருந்தால் நான் தோற்றிருப்பேன்.

ஆமாம் மேடம், நான்தான் செய்தேன். கயிற்றை அவிழ்த்தது நான், தண்ணீரை நிறுத்தியது நான், கூப்பிட்டது கேட்டும் உட்கார்ந்திருந்தது நான். மறைக்க ஒன்றும் இல்லை. ஆனால் பழிவாங்கினேன், கோபத்தில் செய்தேன் என்று எழுதாதீர்கள். அது உண்மையில்லை.

வீடியோவை அழித்துவிட்டேன் என்றது மட்டும் பொய். அதைத்தான் இப்போது கையில் வைத்துப் பார்க்கிறீர்கள். தினமும் டேங்க் நிறைகிற வரைக்கும் பார்ப்பேன், அவ்வளவுதான். கீழே ஓரத்தில் எவ்வளவு நேரம் என்று போட்டிருக்கும், பாருங்கள். நாற்பத்திரண்டு வினாடி. வாரத்துக்கு அதற்கு மேல் ஒரு வினாடி கூட நான் எடுக்கவில்லை. கோபக்காரன் இப்படி அளந்து எடுப்பானா, நீங்களே சொல்லுங்கள்.